ஸ்பிரிட் அடுப்பு அடம்பிடித்தால்: கேன் அடுப்பின் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

இரண்டு குளிர்பானக் கேன்களின் அடிப்பகுதியை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, நடுவில் ஓர் உட்சுவர் நிறுத்தி, மேல்விளிம்பைச் சுற்றி ஊசித்துளை போட்டால் மலையேற்றப் பைக்கு ஏற்ற அடுப்பு தயார். எடை 10 முதல் 15 கிராம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை போன்ற நெடுந்தூர நடைபாதைகளில், பையில் கிராம் கணக்குப் பார்த்து நடப்பவர்களிடம் பரவிய வடிவம் இது. ஸ்வீடனின் டிராங்கியா நிறுவனத்துப் பித்தளை பர்னரும் இதே முறையில்தான் எரிகிறது. அதன் எடை மட்டும் 110 கிராம்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த அடுப்பை வைத்துச் சொன்னவை: 66 மி.மீ. விட்டமுள்ள தடித்த கேன். அடித்துண்டு 35 மி.மீ. உயரம், மேல்துண்டு 25 மி.மீ. மேல்துண்டில் குழிந்த வட்டத்தை வெட்டி எடுத்திருக்க வேண்டும். உட்சுவர் 40 மி.மீ. உயரமுள்ள பட்டை, அதன் கீழ்விளிம்பில் 5 மி.மீ. அளவில் மூன்று முக்கோண வெட்டுகள். மேல்விளிம்புக்குச் சற்று வெளியே, சரிவான தோளில், 1 மி.மீ. துளைகள் 24. சேர்த்தபின் மொத்த உயரம் ஏறக்குறைய 42 மி.மீ. வரும். 250 மி.லி. ஒல்லிக் கேனின் விட்டம் 53 மி.மீ.தான், ஒற்றை டம்ளர் டீக்கு அது போதும், சமையலுக்கு இழுபறி.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். நடுக்குழியில் ஊற்றிய ஸ்பிரிட், அதாவது எரிபொருளான ஆல்கஹால், முக்கோண வெட்டு வழியாக உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே போய் நிற்கும். பற்றவைத்ததும் முதலில் நடுக்குழி மட்டும் எரியும். அந்தச் சூட்டில் சுவர் காய்ந்து, இடைவெளியில் உள்ள ஸ்பிரிட் கொதித்து ஆவியாகும். கீழ்வெட்டுகளைத் திரவம் அடைத்து நிற்பதால் ஆவிக்கு வேறு வழியில்லை; துளைகள் வழியாகச் சீறி வெளியேறி எரியும். சூடு, ஆவி, காற்று ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் கூடினாலும் அடுப்பு முரண்டு பிடிக்கும்.

கோளாறு என்றதும் ஊசியை எடுத்துத் துளையைப் பெரிதாக்குவதுதான் பலரும் முதலில் செய்வது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. முதலில் எரிபொருள், பிறகு காற்றுத்தடுப்பு, பிறகு பாத்திரத்தின் உயரம், அதற்கும் பிறகுதான் துளை.

நடுவில் எரிகிறது, துளைகளில் சுடரே வரவில்லை

இதுதான் அதிகம் வரும் புகார். வெயில் காலத்துச் சமவெளியில் 30 முதல் 40 விநாடியில் துளைகள் பற்றிக்கொள்ளும். குளிர்ந்த இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். ஒன்றரை நிமிடம் கழித்தும் வரவில்லை என்றால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஸ்பிரிட் கொதிக்கும் சலசலப்பு கேட்கிறதா, இல்லையா என்பதை வைத்து வழி இரண்டாகப் பிரியும்.

சலசலப்பு இல்லை என்றால் சூடு போதவில்லை. அடுப்பு ஈரத்தரையிலோ பாறையிலோ நேராக உட்கார்ந்திருக்கும். கல் சூட்டை உறிஞ்சிவிடும். அடியில் அலுமினியத் தாள் சுற்றிய ஒரு கார்க் துண்டோ அட்டைத் துண்டோ போடுங்கள். இரண்டாவது காரணம், துளை பற்றும் முன்பே குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தை மேலே வைப்பது. மூன்றாவது, ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருப்பது. அதற்கான சோதனை பின்னால் வருகிறது.

சலசலப்பு கேட்கிறது, ஆனாலும் துளையில் சுடர் இல்லை என்றால் ஆவி வேறு வழியில் தப்பிக்கிறது. பெரும்பாலும் உட்சுவரின் மேல்விளிம்புக்கும் மேல்துண்டின் பள்ளத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பட்டை 1 மி.மீ. குட்டையாக வெட்டப்பட்டிருந்தாலே இது நடக்கும். உறுதிசெய்ய ஒரு சோதனை: அடுப்பு ஆறியபின் நடுக்குழியில் 15 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். துளைகளின் மேல் டேப் ஒட்டி ஒரே ஒரு துளையைத் திறந்து வையுங்கள். அதில் ஸ்ட்ராவை அழுத்தி வைத்து மெல்ல ஊதுங்கள். உட்சுவரின் கீழ்வெட்டில் குமிழி வந்தால் மேல்பக்கம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. குமிழியே வராமல் காற்று எளிதாகப் போய்க்கொண்டிருந்தால் மேலே ஓட்டை. இணைப்பிலும் காற்று கசியலாம் என்பதால் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய, அடுப்பைத் தட்டையான மரத்தில் வைத்து, மேலே இன்னொரு பலகையை வைத்துச் சுற்றிலும் சீராகத் தட்டி மேல்துண்டை இன்னும் 1 மி.மீ. இறக்குங்கள். ஒரே பக்கம் ஓங்கி அடித்தால் உட்சுவர் மடங்கும், பிறகு குப்பைதான். பட்டை மிகவும் குட்டை என்றால் தட்டிப் பயனில்லை. அடுத்த கேனை எடுங்கள்.

கீழ்வெட்டுகளைப் போட மறந்துவிட்டு அடுப்பை மூடிவிடுவதும் உண்டு. அப்போது இடைவெளிக்குள் ஸ்பிரிட் போகவே போகாது. நடுக்குழி திறந்த கிண்ணம் போல எரிந்து முடியும்.

ஒரு பக்கம் மட்டும் எரிகிறது

அடுப்பு சாய்ந்திருக்கிறதா, ஒரு பக்கமிருந்து காற்று அடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் பிசிறு. ஊசி குத்தும்போது உலோகம் உள்பக்கமாக மடிந்து துளையைப் பாதி மூடியிருக்கும். அதே ஊசியைத் துளையில் விட்டு, அழுத்தாமல் விரலிடையில் உருட்டினால் பிசிறு ஒதுங்கும். அடுத்த முறை துளையெல்லாம் போட்டு, உள்பக்கத்தை 400 எண் உப்புத்தாளில் தேய்த்தபிறகு இரு துண்டுகளையும் சேருங்கள். சுத்தியலும் ஆணியும் வேண்டாம். கேன் சுவரின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.தான், ஆணி கிழித்துவிடும். பின்வைஸ் என்ற சிறு கைத்துளைப்பானில் 1 மி.மீ. டிரில் பிட்டை மாட்டிக் கையால் திருகினால் 24 துளையும் ஒரே அளவில் வரும்.

இரு துண்டுகளும் சேரும் இடத்தில் சுடர்

ஆவி இணைப்பு வழியாகக் கசிகிறது. பெரிய ஆபத்து இல்லை. ஆனால் துளைக்குப் போகவேண்டிய அழுத்தம் வீணாகும், கசிவு பெருகவும் செய்யும். மேல்துண்டு வெளியே, அடித்துண்டு உள்ளே என்று செருகியிருந்தால் திரவம் வெளியே வருவது அரிது. தலைகீழாகச் செருகியிருந்தால் இணைப்பின் வழியே ஸ்பிரிட் மேலேறி ஊறும்.

ஏசி குழாயில் சுற்றும் அலுமினிய டேப்பை இணைப்பின் மேல் ஒரே சுற்றாக ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன் பசை முதல் எரிப்பில் சற்று நாறும். சாதாரண எபாக்சியும் எம்-சீலும் சூட்டில் இளகும் என்பதால் வேண்டாம்.

செருகும்போது விளிம்பு கிழிந்ததுதான் கசிவுக்குக் காரணம் என்றால் ஒட்டுப்போடாதீர்கள், துண்டை மாற்றுங்கள். கிழியாமல் செருக ஒரு வழி: மேல்துண்டுக்குள் திறக்காத முழுக் கேனின் அடியைத் திருகித் திருகி அழுத்துங்கள், வாய் சற்று விரியும். பிறகு கேன் தகட்டிலேயே வெட்டிய ஒரு வழவழப்பான பட்டையை இடையில் விட்டு, விளிம்பைச் சுற்றிச் சுற்றி உள்ளே வழிகாட்டுங்கள். வெட்டும்போதே விளிம்பு ஒழுங்காக வரவேண்டும். பிளேடைத் தேவையான உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்களின் மேல் அசையாமல் பிடித்து, கேனை மட்டும் சுழற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு சுற்றில் கோடு விழும். கோட்டின் இருபுறமும் கட்டைவிரலால் அழுத்தினால் தானே பிரியும். கத்தரிக்கோல் போட்ட விளிம்பில் சின்னச் சின்ன பல் நிற்கும், கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

பாத்திரம் வைத்ததும் அணைந்துபோகிறது

பாத்திரம் தாழ்வாக இருக்கிறது. இந்த அடுப்புக்கு மேல் 25 முதல் 35 மி.மீ. இடைவெளி வேண்டும், அதாவது தாங்கியின் மொத்த உயரம் 70 மி.மீ. அளவில். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி மூன்றை வளைத்தாலே தாங்கி ஆயிற்று. பாத்திரத்தை அடுப்பின் மேலேயே வைக்கும்படி, துளைகளைப் பக்கச்சுவரில் போட்ட வகையும் உண்டு. பூனை உணவு டின்னில் செய்வார்கள். துளைகள் காகிதம் துளைக்கும் பஞ்சால் போட்ட 6 மி.மீ. துளைகள். அதில் பாத்திரம்தான் மூடி. ஸ்பிரிட் நன்றாகக் காயும் முன் மூடினால் சுடர் மூச்சடங்கிப் போகும். 30, 40 விநாடி பொறுத்து வைத்தால் சுடர் பக்கத்துளைகளுக்கு நகரும்.

மஞ்சள் சுடர், பாத்திரத்தில் கரி

இங்கே அடுப்பைக் குறை சொல்லும் முன் பாட்டிலைப் பாருங்கள். மெத்தனாலில் ஒரு கார்பன் அணு, எத்தனாலில் இரண்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் மூன்று. கார்பன் கூடக்கூட முழுதாக எரிய அதிகக் காற்று தேவைப்படும். எத்தனாலுக்காகச் செய்த அடுப்பில் ஐசோபுரொபைல் ஊற்றினால் மஞ்சளாக எரிந்து கரியைத்தான் தரும்.

ஆனால் தமிழ்நாட்டில் கைக்கு எளிதாகக் கிடைப்பது, மின்னணுப் பலகை துடைக்க விற்கும் 99 சதவீத ஐசோபுரொபைல்தான். பாலிஷ் வேலைக்கான டீநேச்சர்டு ஸ்பிரிட்டுக்கும் (குடிக்க முடியாதபடி கலப்படம் செய்த எத்தனால்) மெத்தனாலுக்கும் உரிமக் கட்டுப்பாடுகள் உண்டு. ஐசோபுரொபைலோடுதான் வாழவேண்டும் என்றால் பாத்திரத்தை 40, 45 மி.மீ. உயரத்துக்கு ஏற்றுங்கள், காற்றுத்தடுப்பின் அடியில் துளைகளை இரட்டிப்பாக்குங்கள், அடுத்த அடுப்பில் 24-க்குப் பதில் 16 துளை போடுங்கள். கரி குறையும், முற்றிலும் போகாது. பாத்திரத்தின் அடியில் சோப்பைத் தடவி வைத்து எரித்தால் கழுவ எளிது.

மெத்தனால் சுத்தமாக எரியும் என்பதற்காக அதைத் தேடி அலையவேண்டாம். எத்தனாலில் வரும் சூட்டைப் பெற மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகச் சுமக்கவேண்டும். தவிர, அது நஞ்சு. தோல் வழியாகவும் ஆவி வழியாகவும் உடலில் ஏறும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். எந்த ஸ்பிரிட்டாக இருந்தாலும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வேறு வடிவ பாட்டில், மேலே பெரிய எழுத்து.

தின்னர், பெட்ரோல், டர்பன்டைன் இவற்றை ஒரு சொட்டும் இந்த அடுப்பில் ஊற்றக்கூடாது.

புதிய அடுப்பின் முதல் எரிப்பில் வரும் மஞ்சளும் நாற்றமும் வேறு. கேனின் உள்ளே பூசிய பிளாஸ்டிக் படலமும் வெளிப்பெயின்ட்டும் கருகுகின்றன. வெட்டவெளியில் 20 மி.லி. ஊற்றிப் பாத்திரம் இல்லாமல் ஒருமுறை எரித்துவிட்டுப் பிறகு சமையுங்கள்.

பட்பட்டென்று தெறிக்கிறது, கடைசியில் தண்ணீர் மிஞ்சுகிறது

ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியில் 5 மி.லி. அளந்து ஊற்றி, காற்றில்லாத இடத்தில் எரியவிடுங்கள். தானாக அணைந்தபின் ஈரம் பூசினாற்போல் இருந்தால் நல்ல ஸ்பிரிட். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சும் அளவுக்கு மிஞ்சினால் அது அடுப்புக்கு ஆகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ரகம் இப்படித்தான்: ஆல்கஹால் முதலில் போய், மிச்சத்தில் தண்ணீர் கூடிக்கொண்டே வந்து சுடரைக் கொல்லும். சானிட்டைசர் இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி செய்த திரவ வகையில் 1.45 சதவீதம் கிளிசரால் இருக்கும், அது துளைகளில் பிசினாகப் படியும். ஜெல் வகை கருகி அடைத்தே விடும். மதுக்கடைச் சரக்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம்தான், அதை ஊற்றிப் பார்க்கும் யோசனையை விடுங்கள்.

தண்ணீர் கொதிக்கும் முன் ஸ்பிரிட் தீர்ந்துவிடுகிறது

கணக்குப் போட்டால் எங்கே ஓட்டை என்று தெரியும். அரை லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 167 கிலோஜூல் வேண்டும். ஒரு மி.லி. எத்தனால் தருவது 21 கிலோஜூல் அளவு. அதில் பாதி தண்ணீரில் சேர்ந்தால் 16 மி.லி. போதும். ஆகவே அரை லிட்டருக்கு 18 முதல் 20 மி.லி. ஊற்றிக் கொதிக்கவில்லை என்றால் சூடு வெளியே போகிறது. 5 டிகிரி ஓடைத்தண்ணீர் என்றால் 3, 4 மி.லி. சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் ஊற்றாமல் 20 மி.லி. சிரிஞ்சில் அளந்தால்தான் இந்தக் கணக்கு உதவும்.

முதல் குற்றவாளி காற்று. மெல்லிய காற்றே செலவை இரட்டிப்பாக்கும். காற்றுத்தடுப்பு இல்லாமல் இந்த அடுப்பைப் பற்றிப் பேசுவதே வீண். தடித்த அலுமினியத் தாளை இரண்டாக மடித்து, பாத்திரத்தின் பாதி உயரத்துக்கு மேல் வரும்படி, சுற்றிலும் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அடிவிளிம்பில் காகிதம் துளைக்கும் பஞ்சால் 12, 15 துளை. அடுத்த குற்றவாளி ஒடுங்கிய பாத்திரம். 66 மி.மீ. அடுப்பின் சுடர் வெளிப்பக்கம் சாய்ந்து வருவதால் 90 மி.மீ. மக்கின் ஓரமாக ஏறிப் போய்விடும். 120 மி.மீ. அகலமுள்ள அலுமினியப் பாத்திரம் இந்த அடுப்புக்கு நல்ல ஜோடி. மூடி போடவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சீறிக்கொண்டு பாத்திரத்தைத் தாண்டி எரிகிறது

காற்றுத்தடுப்பை மிக நெருக்கமாகச் சுற்றியிருப்பீர்கள். சூடு திரும்பி அடுப்பிலேயே விழ, ஸ்பிரிட் வேகமாகக் கொதிக்க, சுடர் இன்னும் வளர, சூடு இன்னும் கூடும். தடுப்பை இடுக்கியால் விலக்குங்கள், அடங்கும். அடுப்பை நகர்த்தாதீர்கள். தடுப்பு சரியாக இருந்தும் எப்போதும் இப்படி எரிகிறது என்றால் துளைகள் பெரிது. துளையை அடைக்கும் பசைகளோடு மல்லுக்கட்டுவதைவிட இன்னொரு அடுப்பு செய்வது விரைவு. ஒன்றரை மி.மீ. துளை போட்டவர்கள் எல்லாரும் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

நடுவாயை நாணயத்தால் மூடும் அழுத்த வகையில் இது இன்னும் கடுமை. நாணயம் துள்ளினால் உள்ளே அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். கனமான நாணயமாக மாற்றி அடக்க நினைக்காதீர்கள். அழுத்தம் கூடும்போது, துளைகளைத் தவிர ஆவி தப்பிக்க அதுதான் ஒரே வழி.

கண் எரிகிறது, புளித்த நெடி

அரைகுறையாக எரிந்த ஆல்கஹாலிலிருந்து ஆல்டிஹைடுகள் வரும். பாத்திரம் தாழ்வு, காற்றுத்தடுப்பில் துளை குறைவு, அல்லது மூடிய இடத்தில் சமையல். மூன்றாவது என்றால் உடனே வெளியே வாருங்கள். நெடி தெரியும், கூடவே வரும் கார்பன் மோனாக்சைடு தெரியாது. கூடாரத்துக்குள் இந்த அடுப்புக்கு இடமில்லை.

அணைந்துவிட்டதுபோல் இருக்கிறது

வெயிலில் எத்தனால் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்தது என்று நினைத்து பாட்டிலைச் சாய்த்தால் சுடர் பாட்டிலுக்கே ஏறும். ஸ்பிரிட் அடுப்பு விபத்துகளில் கொடியது இதுதான். அடுப்பின் மேலே அரையடி உயரத்தில் உலர்ந்த புல்லை நீட்டிப் பாருங்கள். கருகினால் இன்னும் எரிகிறது. ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து மூடி, இரண்டு நிமிடம் கழித்து, அடுப்பைக் கையால் தொட முடிகிறபோதுதான் மறுபடி ஊற்றவேண்டும். ஊற்றுவதும் பாட்டிலிலிருந்து நேரடியாக அல்ல, மூடியில் அளந்து, பாட்டிலை மூடித் தள்ளி வைத்தபிறகு. பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். ஆல்கஹால் தண்ணீரில் கலந்துவிடும் என்பதால் தாராளமாக ஊற்றினால் அணையும். எண்ணெய்த் தீ போலச் சீறாது.

எங்கே பற்றவைக்கிறோம் என்பதும் இதில் சேரும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நினைவிருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அமெரிக்கக் காடுகளிலும் வறட்சிக்காலத் தடை வந்தால் திருகி அணைக்கும் வால்வு உள்ள அடுப்பை மட்டுமே அனுமதிப்பது வழக்கம். கேன் அடுப்பில் வால்வு கிடையாது.

உயரத்தில், குளிரில் பற்றவே மாட்டேன் என்கிறது

எத்தனாலின் தீப்பற்று நிலை ஏறக்குறைய 13 முதல் 17 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த ஸ்பிரிட்டின் மேல் தீக்குச்சியைக் காட்டினாலும் ஆவி போதாமல் நழுவும். இரவே சிறு பாட்டிலை உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூடி கசியாதது என்று முன்பே சோதித்த பாட்டிலாக இருக்கவேண்டும். அப்படியும் திணறினால், ஊறுகாய் பாட்டிலின் தகர மூடியில் 2 மி.லி. ஊற்றி, அதன்மேல் அடுப்பை வைத்து, மூடியில் உள்ளதை முதலில் பற்றவையுங்கள். அந்தச் சூடு அடுப்பை எழுப்பிவிடும்.

4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அரிசி வேகவில்லை என்று அடுப்பைத் திட்டிப் பயனில்லை. அங்கே அவல், நூடுல்ஸ், சத்துமாவு போன்றவையே சரி. இமயமலைக்கு ரயிலில் போகிறவர்கள் எரிபொருளைக் கொண்டுபோகக் கூடாது, ரயிலில் தீப்பற்றும் பொருளுக்குத் தடை உண்டு, விமானத்திலும் அப்படியே. அடுப்பை மட்டும் கழுவி உலர்த்தி எடுத்துப்போய், ஸ்பிரிட்டை மலையடிவார ஊரில் வாங்கி, கரண்டிச் சோதனை செய்தபிறகு பாதையில் ஏறுங்கள்.